தோள் இறங்கியவன் உடம்பு ஏற்றலாமா?

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

கேள்வி ஒன்றுதான். தோள் மூட்டு இறங்கிப் போனவன், அது ஆறும்வரை உடம்பு ஏற்றுகிற பேச்சையே எடுக்கக் கூடாதா? ஆறுகிற காலத்திலேயே ஏற்றலாமா?

என் கட்சி: ஏற்றலாம். அடிபட்டது ஒரு தோள். கால் இரண்டும் இருக்கின்றன, முதுகு இருக்கிறது, இடது கை இருக்கிறது. "ஆறு மாசம் சும்மா இரு" என்று எனக்குச் சொன்னவர்களை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். அதில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு தண்டால் எடுத்தவர் இல்லை.

விவரம் கேட்பீர்கள். வயது 34, எடை 68 கிலோ, கணக்கு வாத்தியார், மூன்று வருஷமாக ஜிம். காணும் பொங்கலன்று ஊர்க் கபடியில், பாடி வந்த பையனின் இடுப்பைப் பிடிக்கத் தாவினேன். அவன் திரும்பினான். என் வலது கை அவனோடு போனது, நான் போகவில்லை. தோள் முன்பக்கமாக இறங்கிவிட்டது. தோளின் உருண்டை இருந்த இடத்தில் மேசை மூலை மாதிரி ஒரு முனை, பனியனுக்கு மேலேயே தெரிந்தது. இப்போது பதினெட்டாவது நாள். கை இன்னும் ஆர்ம் பௌச்சில் தொங்குகிறது.

அன்றே இரவு

மைதானத்திலேயே யாராவது இழுத்துவிட்டார்களா என்று, மேலே எழுதியதைப் படித்த இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இழுத்தார்கள். எந்த ஊரிலும் எலும்புக்கென்று ஒரு பெரியவர் இருப்பாரே. என்னை மண்ணில் படுக்க வைத்து, அக்குளில் குதிகாலை முட்டுக்கொடுத்து, கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு ஏழு தலைமுறையும் தெரிந்தது. மூட்டு மட்டும் உள்ளே போகவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, மருந்து ஏற்றி, சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார்கள்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அக்குளில் கால் வைத்து இழுப்பது கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராடிஸ் பெயரிலேயே இருக்கிற முறையாம், 2,400 வருஷப் பழசு. தப்பு முறையில் இல்லை, படம் எடுக்காமல் இழுத்ததில்தான். எலும்பு உடைந்திருந்தால் உடைசல் பெரிதாகும். அக்குள் வழியாக ஒரு நரம்பு போகிறது, அதுவும் நசுங்கலாம். எனக்குத் தோளின் வெளிப்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் மரத்துக் கிடக்கிறது. மூட்டு இறங்கியதாலேயே நரம்பு இழுபட்டிருக்கும், பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும் என்றார். பெரியவர் மேல் பழி போட எனக்கும் மனமில்லை.

பிப்ரவரி 9

7ஆம் தேதி பௌச்சைக் கழற்றியாகிவிட்டது. தையல் டேப்பால் அளந்தேன். இடது கை 33 செ.மீ., வலது 31. மூன்று வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணாடியில் வலது தோள் காற்று இறங்கிய பந்து.

புதிதாக இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு பாடம். சட்டையோ பனியனோ, போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். முதல் வாரம் இது தெரியாமல் பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். வீட்டில் உதவிக்கு வந்தவர் முதலில் போட்டோ எடுத்தார், பிறகுதான் உதவி.

பள்ளிக்கூடத்தில் இடது கையால் கரும்பலகையில் எழுதுகிறேன். நான் 7 போட்டால் பையன்கள் 1 என்று வாசிக்கிறார்கள். விடை மாறிப்போனால் "சார், அது உங்க தோள் தப்பு" என்கிறான் ஒருவன்.

பிப்ரவரி 18

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாரம் மூன்று நாள் கால் பயிற்சி. முதல் நாளே ஒரு பாடம்: கழுத்துக்குப் பின்னால் கம்பியை வைத்து பஸ்கி போடுவது கால் பயிற்சி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெறும் கம்பிக்கு அடியில் போய் நின்று பிடிக்கப் போனேன். கையை உயர்த்தி, முழங்கையை மடக்கி, பின்னால் திருப்ப வேண்டியிருக்கிறது. கபடியில் தோள் இறங்கியதும் இதே நிலையில்தான். மூட்டு உள்ளேயிருந்து "வேண்டாம்" என்றது. சொல்லில் வராது, ஒரு பயம் மாதிரி. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது செய்வது: லெக் பிரஸ், இடது கையில் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால் பஸ்கி, குதிகால் தூக்குதல், மெஷினில் உட்கார்ந்து கால் மடக்குதல். வேகமாக நடக்கிறேன். ஓடவில்லை, ஒவ்வொரு எட்டுக்கும் தோள் குலுங்குகிறது. சைக்கிள் வேண்டாம் என்றார்கள், விழுந்தால் மறுபடி அதே கைதான் ஊன்றும்.

பிசியோ மேடம் கொடுத்ததும் இருக்கிறது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளி ஆடுகிற மாதிரி ஆட்டுவது. சுவரில் கையை வைத்து, கை நகராமல் அழுத்துவது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது. எல்லாம் பாட்டிகள் செய்கிற வேலை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 3

இடது கைக்குத் தனியாக டம்பெல் போடுகிறாயே, உடம்பு கோணிப் போகாதா என்று கேட்டவருக்கு:

கோணாது. மாறாக, இடது கைக்குச் செய்கிற பயிற்சி வலது கையையும் வளர்க்கிறது. 1894லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒரு கையை மட்டும் அழுத்திப் பழக்கினால் சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியது. நான் வாரம் மூன்று நாள் இடது கையால் இழுக்கிறேன், தள்ளுகிறேன். வலது கைத் தசை தானாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஓசிச் சாப்பாடு.

மார்ச் 4

நேற்று எழுதியதில் பாதி தப்பு. பிசியோ மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன், அவர் நிமிஷத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டார்.

மறு கைக்குப் போவது பலம். தசை இல்லை. மூளையும் நரம்பும் ஒரு வேலையைக் கற்றுக்கொள்கின்றன, அந்தப் பாடத்தை இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. கட்டுப்போட்ட கை பலம் இழப்பதை இது கொஞ்சம் தடுக்கும், அதனால் செய்வது நல்லதுதான். சும்மா இருக்கிற கையின் சுற்றளவு இதனால் ஏறாது. என் வலது கை 31இலிருந்து 31.5 ஆனதற்குக் காரணம், கட்டு அவிழ்த்தபின் அந்தக் கையாலேயே பல் தேய்க்கிறேன், சாப்பிடுகிறேன், குழந்தையின் பையைத் தூக்குகிறேன். அவ்வளவுதான். ஓசிச் சாப்பாடு என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 24

சாப்பாட்டுக் கணக்கு கேட்டிருந்தார்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான் வரும்.

எடைப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம். 2018இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன அளவு இது. அதற்கு மேல் போனால் சராசரியில் பெரிய லாபம் தெரியவில்லையாம். எனக்கு 68 பெருக்கல் 1.6, ஏறக்குறைய 109 கிராம். அடிபட்டு வீட்டில் கிடக்கிறோம், குறைத்துச் சாப்பிடுவோம் என்று முதல் மூன்று வாரம் நான் செய்தது மடத்தனம். புண் ஆறுவதற்கும் அதே சரக்குதான் வேண்டும்.

காலை நான்கு இட்லி, சாம்பாரோடு 11 கிராம் தேறும். இட்லியை நம்பி உடம்பு ஏற்ற முடியாது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். நான்கு முட்டை, 24. மீல்மேக்கர் 50 கிராம், 26. பால் அரை லிட்டர், 16. கொண்டைக்கடலைச் சுண்டல், காய்ந்த எடையில் 50 கிராம், 10. ஒரு கிண்ணம் தயிர், 7. மத்தியானச் சோறும் பருப்பும் ராத்திரிச் சப்பாத்தியும் சேர்ந்து ஒரு 15. கூட்டிப் பாருங்கள். 109. கணக்கை விடைக்கு ஏற்ற மாதிரி போட்டேன் என்று சொல்வீர்கள். கொஞ்சம் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோழி இருப்பதால் அன்று எல்லாம் தாராளம்.

முட்டை என்றதும், பள்ளிச் சத்துணவு முட்டையில் கண்ணும் கையும் போனதா என்று ஒருவர் கேட்டார். கண் போனது உண்மை. கை போகவில்லை, அது வேறு இறங்கிப் போயிருந்தது.

ஏப்ரல் 21

தேர்தல் வேலை முடிந்து வந்து நேற்று முழுக்கத் தூக்கம். வாக்குப்பதிவு இயந்திரப் பெட்டியைத் தூக்கச் சொன்னார்கள். வலது கையைக் காட்டினேன். "பார்க்க நல்லாத்தானே சார் இருக்கீங்க" என்றார் கூட வந்தவர். உண்மையில் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்.

ஏனென்றால் பதிமூன்று வாரத்தில் வலது கை 32.5. மரத்த இடத்தில் உணர்ச்சி முழுக்க வந்துவிட்டது. தரையில் மல்லாந்து படுத்து டம்பெல் தள்ள ஆரம்பித்திருக்கிறேன். பெஞ்சில் படுத்தால் முழங்கை உடம்புக்குக் கீழே இறங்கி மூட்டு முன்னால் துருத்தும், தரை அதைத் தடுத்துவிடும். முதுகுக்கு, உட்கார்ந்து உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பிடித்து இழுப்பது. இரண்டும் வலியில்லாமல் வருகின்றன. பின்கழுத்திலிருந்து கம்பியை மேலே தள்ளுவது, இரண்டு கம்பிக்கு நடுவே தொங்கி இறங்குவது, கையை விரித்து மார்புக்கு அணைப்பது, இவை மூன்றும் பக்கத்திலேயே போகவில்லை.

எல்லாம் 10 தடவை, 3 செட். இந்த '10 தடவை, 3 செட்' ஜிம்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்கள் சிகாகோ ராணுவ ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்தபோது, தாமஸ் டிலோர்ம் என்ற இளம் டாக்டர், அடிபட்ட மூட்டுக்குக் கனமான எடை கொடுத்துப் பார்த்தார். அதுவரை லேசான எடையை நிறையத் தடவை தூக்கச் சொல்வதுதான் வழக்கம். 1945இல் கட்டுரை எழுதினார். முதலில் பத்து செட் வரை வைத்திருந்தார். பிறகு அது அதிகம் என்று மூன்றாகக் குறைத்தார். முதல் செட் பாதி எடை, அடுத்தது முக்கால், கடைசி முழு எடை. ஆக, உலகம் முழுக்க ஜிம்மில் ஓடுகிற கணக்கு நோயாளிகளுக்குப் போட்ட கணக்கு. "அடிபட்டவன் எடை தொடக் கூடாது" என்று என்னிடம் அடுத்து சொல்கிறவருக்கு இந்தக் கதையைச் சொல்லக் காத்திருக்கிறேன்.

மே 12

கதை சொல்லக் காத்திருந்தவனுக்குக் கதை ஆகிவிட்டது.

கோடை விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போனேன். பரணில் அவருடைய கர்லாக்கட்டை. ஒரு காலத்தில் ஊர்ச் சிலம்பக்கூடத்தில் அவர் சுற்றியது. அடிப்பக்கம் பருத்து, மேலே கைப்பிடி மெலிந்து, பிடித்த இடம் எண்ணெய் குடித்து வழவழவென்று இருந்தது. தோளுக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டா? தோளைச் சுற்றி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய், முன்னால் கொண்டுவந்து. நம் ஆட்கள் பிசியோ படிக்காமலேயே கண்டுபிடித்தது.

இடது கையால் ஐந்து சுற்று. ஜோர். வலது கைக்கு மாற்றினேன். இரண்டாவது சுற்றில் கட்டை தலைக்குப் பின்னால் போனதும் நான் அதைச் சுற்றவில்லை, அது என்னைச் சுற்றியது. கையை விட்டேன். கட்டை துளசி மாடத்தில் மோதி ஒரு ஓரம் பெயர்ந்தது. தோள் இறங்கவில்லை. ஆனால் மூன்று ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை.

பாட்டி கேட்டது துளசி மாடத்தைப் பற்றி மட்டும்தான்.

மே 13

எடை என்ன என்று கேட்டவருக்கு: மளிகைக் கடைத் தராசில் 4 கிலோ 200. ஆமாம், தெரியும். திட்டியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதுவே பதில்.

ஜூன் 23

எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

பள்ளி திறந்து பத்து நாள். காலை டவுன் பஸ். நிற்க மட்டும் இடம். இடது கையில் பை, அதனால் வலது கையால் மேல் கம்பி. யோசிக்கவே இல்லை, பழக்கம். இன்னும் சொன்னால், யோசிக்காமல் பிடித்ததில் ஒரு பெருமைகூட. கை 33 ஆகிவிட்டது, இரண்டும் சமம். சட்டைக் கை இறுக்கமாக இருந்தது.

ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மொத்த பஸ்ஸும் முன்னால் போனது, என் கை கம்பியோடு பின்னால் நின்றது. தோள் நழுவியது. வெளியே போய், ஒரு நொடிக்குள் தானாகவே உள்ளே வந்துவிட்டது. சத்தமில்லை. கை மட்டும் பிணம் மாதிரி தொங்கியது. கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், என் கை எழவில்லை. "சார், சில்லறை" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஜூன் 30

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. டாக்டர் படத்தில் காட்டியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு உரலுக்குள் உலக்கை மாதிரி. தோள் அப்படி இல்லை. சின்னத் தட்டின் மேல் வைத்த எலுமிச்சம்பழம். தட்டு சிறியது, பழம் பெரியது. தட்டின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல ஒரு குருத்தெலும்பு, லேப்ரம் என்கிறார்கள். அந்த வளையமும் அதோடு ஒட்டிய நார்களும் பழம் உருளாமல் ஓரளவு பிடிக்கும். மீதிப் பிடிப்பு, சுற்றியிருக்கிற நான்கு சின்னத் தசைகளுடையது. எனக்கு வளையத்தின் முன்பக்கம் கீழே பிய்ந்திருக்கிறது. 1923இல் லண்டனில் பேங்கார்ட் என்ற சர்ஜன் எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். பழத்தின் பின்பக்கம் தட்டு விளிம்பில் இடித்து ஒரு பள்ளம். அதற்கும் இரண்டு பேர் பெயர் இருக்கிறது.

முன்பக்கமாக இறங்கிய தோளில் இவை சர்வ சாதாரணமாம். ஆபரேஷன் செய்து வளையத்தைத் தைக்கலாம். இருபது வயதுக்குள் இறங்கினால் திரும்பத் திரும்ப இறங்குகிற வாய்ப்பு மிக அதிகம், அவர்களுக்குச் சீக்கிரமே யோசிப்பார்கள். எனக்கு 34. முதலில் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய், கபடியை விடு, இன்னொரு தரம் நழுவினால் தைத்துவிடலாம் என்றார். "ஒழுங்காக" என்ற சொல்லை அழுத்தினார். பிசியோ மேடம் ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருப்பார் போல.

இப்போது பிப்ரவரி 18 குறிப்பைத் திரும்பப் படித்தேன். "எல்லாம் பாட்டிகள் செய்கிற வேலை. எழுத ஒன்றுமில்லை." அந்த ரப்பர் பட்டையை மார்ச் கடைசியோடு நிறுத்திவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கை சுற்றளவு ஏறிக்கொண்டிருந்தது, போதும் என்று நினைத்தேன்.

தசை வேகமாகத் திரும்பியதற்கு எனக்குப் பெருமை ஏதுமில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை ஏற்றிய தசை இரண்டாம் முறை சுலபமாக ஏறும். 2010இல் ஆஸ்லோவில் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். பயிற்சியில் தசை இழைக்குள் கூடிய உட்கருக்கள், தசை சுருங்கிய பிறகும் குறையாமல் அங்கேயே இருந்தன. தசை பழையதை நினைவு வைத்திருக்கிறது. பிய்ந்த வளையத்துக்கு அந்த மாதிரி நினைவெல்லாம் கிடையாது. என் கண்ணாடியில் தெரிந்தது மார்பும் தோள் உருண்டையும். பஸ்ஸில் பிடிக்க வேண்டியவை, கண்ணாடியில் தெரியாத அந்த நான்கு.

முதல் கேள்விக்கு என் பதில் இன்னும் "ஏற்றலாம்" தான். நான் ஏற்றியது வீட்டுக்கு மாடி, அஸ்திவாரத்தில் விரிசல் அப்படியே இருந்தது.

ஜூலை 2

மாடி உவமை ரொம்ப வாத்தியார்த்தனம் என்று ஒருவர். ஒப்புக்கொள்கிறேன். தொழில் வியாதி.

ஆகஸ்ட் 18

ஏழு வாரமாக ஒரு நாள்கூட விடாமல் ரப்பர் பட்டை. காலையில் பல் தேய்த்தவுடன், காபிக்கு முன்னால். காபிக்குப் பின்னால் என்று வைத்தால் நடக்காது. வெளிப்பக்கம் இழுப்பது 15, உள்பக்கம் 15, மூன்று சுற்று. பிறகு சுவரில் கையூன்றி, முழங்கை மடக்காமல், தோள்பட்டை எலும்பை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்துவது. முதல் வாரம் இதில் வியர்த்துவிட்டது. 40 கிலோ தள்ளுகிறவனுக்கு, ஒரு ரப்பர் துண்டு.

லேசான எடையில் தசை வளருமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வளரும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012இல் கால் தசையை வைத்துச் சோதித்தார்கள். ஒரே தடவை தூக்க முடிந்த எடையில் 30 சதவீதத்தையே எடுத்து, இனி முடியாது என்கிற வரை செய்தவர்களுக்கும், 80 சதவீதம் தூக்கியவர்களுக்கும் தசை ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. பலத்தில்தான் கனம் தூக்கியவர்கள் முன்னே. ஆக, அடிபட்ட கைக்கு இது வரப்பிரசாதம். "இனி முடியாது" என்பதை மட்டும் ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். தசை எரிந்து களைப்பது வேறு, மூட்டுக்குள் சுரீர் என்பது வேறு. முதலாவது வந்தால் இன்னும் இரண்டு செய்வேன். இரண்டாவது வந்தால் அந்த இடத்திலேயே கீழே வைப்பேன்.

எடை கூட்டலாமா என்பதற்கு மேடம் சொன்ன அளவுகோல் மறுநாள் காலை. செய்யும்போது வலி பத்துக்கு இரண்டு, மூன்று இருக்கலாம். விடிந்து எழும்போது நேற்றைவிட அதிகமாக இருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். இதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கை சுற்றளவு அளப்பதை விட்டுவிட்டேன். டேப்பை மனைவி தையல் பெட்டியில் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டார் என்பதும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 20

தன் அம்மாவுக்கும் தோள் தூக்க முடியவில்லை, இதே பயிற்சிகளைச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு மட்டும். வேண்டாங்க. நீங்கள் சொல்வது, அடிபடாமலேயே மெல்ல மெல்ல இறுகி, தலை வாரக்கூட கை எழாமல் போவது. அது வேறு வியாதியாக இருக்கலாம், ஃப்ரோசன் ஷோல்டர். பாஸ்டன் சர்ஜன் காட்மன் 1934இல் வைத்த பெயர். நான் வாளி ஆட்டுவதாகக் கிண்டல் செய்தேனே, அந்தப் பயிற்சியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. என் மூட்டு தளர்ந்து போனது, அம்மாவுக்கு இறுகிப் போயிருக்கிறது. மருந்து எதிர்த்திசை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும், அம்மாவுக்கு ரத்தம் பார்த்து நாளாகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

அக்டோபர் 6

சின்னச் செய்தி. வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பில் கரும்பலகையின் மேல் வரியில் தேதி போட்டேன். வலது கையால். ஜூன் வரை நடுவில் ஆரம்பித்து மூலை வரை இறக்கி எழுதிக்கொண்டிருந்தேன், மேலே ஒரு முழம் காலியாகவே கிடக்கும், கடைசி பெஞ்சுக்குக் கீழ் வரிகள் தெரியாது. ஒரு முழு நிரூபணத்தையும் மேலிருந்து எழுதி முடித்தேன். சாக்பீஸை வைத்தபோது முன்கை நடுங்கியது, தோள் நடுங்கவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெண் மட்டும், "சார், 7 இப்ப 7 மாதிரி இருக்கு" என்றாள்.

2025 ஜனவரி 17

ஒரு வருஷம். நேற்று காணும் பொங்கல்.

கபடி ஆடவில்லை. கேட்டார்கள், குறிப்பாக அந்தப் பையன் கேட்டான், அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருந்திருக்கும் போல. கோட்டில் நடுவராக நின்றேன். அக்குளில் கால் வைத்த பெரியவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அன்னைக்கு இன்னும் ரெண்டு பேர் உன்னைப் பிடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்" என்றார். அவரிடம் ஹிப்போகிராடிஸ் கதையைச் சொன்னேன். "அவரு எந்த ஊரு?" என்றார்.

ஜூனுக்குப் பிறகு நழுவவில்லை. ஆபரேஷன் தேதி எதுவும் குறிக்கவில்லை, டாக்டர் மார்ச்சில் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் இப்போது பையை வலது கையில் கொடுத்து, இடது கையால் கம்பியைப் பிடிக்கிறேன். சில நாள் மறந்து வலது கை மேலே கிளம்பும், பாதியில் இறக்கிவிடுவேன். பெஞ்சில் படுத்துத் தள்ளுவது திரும்பவில்லை, தரையோடு சரி. கால்கள் மட்டும் இந்த வருஷத்தில் எப்போதும் இல்லாத அளவு ஏறிவிட்டன. பழைய பேன்ட் இரண்டு தொடையில் பிடிக்கிறது.

கர்லாக்கட்டையை என்ன செய்தாய் என்று மே மாதத்திலிருந்து விடாமல் கேட்கிறவருக்கு: தாத்தாவுடையது பரணுக்கே போய்விட்டது. தச்சரிடம் சொல்லி ஒன்று கடைந்து வாங்கினேன், ஒரு கிலோவுக்கும் குறைவு. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டி, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஊஞ்சல் மாதிரி ஆட்டுவதற்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன். தலைக்குப் பின்னால் இன்னும் இல்லை. துளசி மாடத்தைப் பூசியாகிவிட்டது, சிமெண்ட் நிறம் மட்டும் சேரவில்லை.